சாக்கெட்டை மூடச் சொல்லிக்கொடுத்தவர்

நெட்வொர்க்ஸ் லேப்ல இது நம்மில் பலருக்கும் நடந்திருக்கும். கிளையன்ட் இணைந்திருக்கும்போதே சர்வர் புரோகிராமை நிறுத்திட்டு உடனே திரும்ப ஓட்டினா, அந்த போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக எரர் வரும். கொஞ்ச நேரம் கழிச்சு ஓட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். எனக்கு ரெக்கார்டு சப்மிஷன் அன்னைக்குத்தான் நடந்துச்சு. காரணம் தேடினப்போ கிடைச்ச பெயர், டபிள்யூ. ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ்.

1951-ல் வட ரொடீசியாவில், இன்றைய ஜாம்பியாவில், லுவான்ஷ்யா என்ற ஊரில் அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். அப்பாவுக்குச் செம்புத் தொழிலில் வேலை. அதனால் ஊர் ஊராக மாறிய குழந்தைப் பருவம். 1973-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் வாங்கிய பட்டம் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை, ஏரோஸ்பேஸ்! விமானம் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தார். பிறகு கிட் பீக் வானாய்வகத்தில் புரோகிராமர் வேலை. வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1982-ல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

1990-ல் அவருடைய 'யூனிக்ஸ் நெட்வொர்க் புரோகிராமிங்' வந்தது. சாக்கெட்டைத் திறப்பதை யாரும் சொல்லிக்கொடுத்துடலாம். மூடும்போது உள்ளே என்ன நடக்குது என்பதைப் பொறுமையாக விளக்கியதுதான் அவர் சிறப்பு.

மாங்காட்டில் மூணு பேர் சேர்ந்து எடுத்த வாடகை ரூமை நினைச்சுக்கோங்க. ஒருத்தர் சாவியைக் கொடுத்துட்டுப் போனா ரூம் காலியாகிடாது. குளோஸ் அழைப்பும் அப்படித்தான், எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும். ஃபோர்க் செய்த பிறகு பேரண்ட் தன் பிரதியை மூட மறந்தா, சைல்டு மூடினாலும் இணைப்பு முடியாது. எதிர்முனை காத்துக்கிட்டே இருக்கும்.

கடைசி சாவி வந்த பிறகும் பழைய ஆள் பெயருக்கு கூரியர் வரலாம். அது புது ஆள் கைக்குப் போகக் கூடாது. அதனால்தான் முதலில் மூடிய பக்கத்தில் டிசிபி 'டைம் வெயிட்' நிலையில் காத்திருக்கிறது. லினக்ஸில் இது 60 விநாடி. லேப் எரருக்குக் காரணமும் இதுதான். டைம் வெயிட்டை எதிரியாகப் பார்க்க வேண்டாம், சர்வரில் பைண்டுக்கு முன் 'ரீயூஸ் அட்ரஸ்' ஆப்ஷனைப் போட்டால் போதும் என்பது ஸ்டீவன்ஸின் அறிவுரை.

1995-ல் கேரி ரைட்டுடன் சேர்ந்து எழுதிய 'டிசிபி/ஐபி இல்லஸ்ட்ரேட்டட்' இரண்டாம் பாகத்தில் 4.4பிஎஸ்டி-லைட் கெர்னலின் சுமார் 15,000 வரி கோடை அச்சிட்டு விளக்கினார். அதில் சாக்கெட் நினைவகத்தை விடுவிக்கும் ஃபங்ஷன் இரண்டு விஷயம் பார்க்கும். எந்த ஃபைல் டிஸ்கிரிப்டராவது இன்னும் பிடிச்சிருக்கா? புரோட்டோகால் கட்டுப்பாட்டுப் பதிவு இன்னும் ஒட்டியிருக்கா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் விடுவிக்காமல் திரும்பிவிடும். அவசரப்பட்டு விடுவித்தால் கெர்னல் கிராஷ் ஆகலாம். விடுவிக்கவே மறந்தால் நினைவகம் கசியும். சின்ன இரண்டு சோதனை, அவ்வளவுதான் வித்தியாசம்.

1999 செப்டம்பர் 1-ல், 48 வயதில் மறைந்தார். நெட்வொர்க் புரோகிராமிங் இரண்டாம் பதிப்பில் அவர் திட்டமிட்டிருந்த மூன்றாம் பாகம் வரவே இல்லை. அடுத்த ஆண்டு யூசனிக்ஸ் அமைப்பு அவருக்கு வாழ்நாள் சாதனை விருது அளித்தது. முதல் பாகத்தின் அடுத்த பதிப்பை வேறு இருவர் புதுப்பித்தார்கள்.

அடுத்த லேப்ல எரர் வந்தா, சிஸ்டத்தை ரீஸ்டார்ட் பண்ணாதீங்க. யார் இன்னும் சாவி வெச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க.