வானத்தை அளந்த அன்னா மணி

வானிலை அறிக்கையைக் கேட்டுக் குடையுடன் பள்ளிக்குப் புறப்படும் நாம், அவ்வறிக்கைக்குப் பின்னே நிற்கும் கருவிகளை நினைப்பதில்லை. அக்கருவிகள் பிழையின்றி அளக்க வேண்டும் என்பதற்காகவே தம் வாழ்நாளைத் தந்தவர் அன்னா மணி அம்மையார். அவர்தம் வாழ்க்கையைச் சிறிது காண்போம்.

1918-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள், அந்நாளைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துப் பீர்மேட்டில் வசதியான குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் பொறியாளர். ஆண்பிள்ளைகளை உத்தியோகத்திற்கும் பெண்பிள்ளைகளைத் திருமணத்திற்கும் என்று வளர்த்த காலம் அது. எட்டாவது பிறந்த நாளன்று, குடும்ப வழக்கப்படி வைரத்தோடு அளித்தபோது, அச்சிறுமி அதை வேண்டாமென்று கூறி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிகா நூல்தொகுதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காந்தியடிகளின் கொள்கையால் கவரப்பட்டுக் கதரும் உடுத்தத் தொடங்கினாள்.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1939-இல் பட்டம் பெற்ற அன்னா, மறு ஆண்டு உதவித்தொகையுடன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் சென்று, சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரத்தோட்டை மறுத்தவருக்கு, வைரக் கற்கள் வெளியிடும் ஒளியை ஆராயும் பணியே கிடைத்தது! ஒரு நிறமாலைப் படம் பதிவாகப் பதினைந்து, இருபது மணி நேரம் ஆகும். பல இரவுகள் அவர் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளை வெளியிட்டு, 1945-இல் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. நம்மில் யாராயினும் மனம் ஒடிந்திருப்போம். அவரோ அதைப் பெரிதாக எண்ணாமல் அடுத்த பணிக்குச் சென்றார்.

அதே ஆண்டு அரசு உதவித்தொகை பெற்று இலண்டன் சென்றார். விரும்பியது இயற்பியல், கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. கிடைத்ததையே செம்மையாகக் கற்றார். 1948-இல் விடுதலை பெற்ற தாயகம் திரும்பி, பூனாவில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். எளிய கருவிகளைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த நாட்கள் அவை. ஏறத்தாழ 100 கருவிகளுக்கு வரைபடங்களைச் சீர்படுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழிவகுத்தார். தவறாக அளப்பதைவிட அளக்காமல் இருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

1957-58-இல் நாடெங்கும் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். பலூனில் பறந்து ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கினார். 1963-இல் டாக்டர் விக்ரம் சாராபாய் கேட்டுக்கொண்டபடி, தும்பா ராக்கெட் தளத்தில் வானிலை ஆய்வுக்கூடம் அமைத்தார். 1969-இல் துறையின் துணைத் தலைமை இயக்குநராகி, 1976-இல் ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பின்னும் ஓயாமல், இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் பற்றி 1980-இலும் 1981-இலும் இரு பெரும் நூல்களை வெளியிட்டார். 2001 ஆகஸ்டு 16-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் மறைந்தபின் 2013-இல் இன்சாட்-3டி செயற்கைக்கோளும், 2024-இல் இன்சாட்-3டிஎஸ் செயற்கைக்கோளும் ஏவப்பட்டன. ஒவ்வொன்றிலும் 19 அலைவரிசைகள் கொண்ட கருவி ஒன்று உண்டு. காற்றிலுள்ள கரியமில வாயுவும் நீராவியும் வெளிவிடும் வெப்பக் கதிர்களை அது வானிலிருந்தே பார்க்கிறது. சில கதிர்கள் உயரத்திலிருந்தும், சில தரைக்கு அருகிலிருந்தும் வருவதால், அடுக்கடுக்காக வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிட முடிகிறது. ஆயினும் அது தொலைவிலிருந்து போடும் கணக்கே. அது சரிதானா என்று அறிய, காற்றிற்குள்ளேயே புகுந்து அளக்கும் பலூன் கருவியோடு ஒப்பிட வேண்டும். நம் சைதாப்பேட்டையிலிருந்து சில ரயில் நிலையங்களே தள்ளியுள்ள மீனம்பாக்கத்திலும் அத்தகைய பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு வீடுகளில் புகுந்ததைக் கண்ட நம் ஊராருக்கு, மேகத்தின் ஈரத்தைச் சரியாக அளப்பது எத்துணை முக்கியம் என்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

தோழியரே! டாக்டர் பட்டம் கிட்டாத ஒரு பெண்மணி, நாடு முழுவதும் நம்பும் அளவைகளைத் தந்து சென்றார். மதிப்பெண் குறைந்தாலும், விரும்பிய பாடப்பிரிவு கிடைக்காவிட்டாலும் நாம் சோர்ந்துவிட வேண்டாம். கைக்கு வந்த பணியைப் பிழையறச் செய்வோம். அதுவே நாம் அவருக்குச் செய்யும் நன்றி.