நிழல்களிலிருந்து உருவங்கண்ட பேரறிஞர்

மனித உடம்பின் உள்ளுறுப்புக்களைக் கத்தி வையாமலே காணும் ஆற்றலை இக்கால மருத்துவம் பெற்றுள்ளது. சி.ரி. ஸ்கான், எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்னும் பெயர்கள் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வீட்டுப் பேச்சிலேயே புகுந்துவிட்டன. தீராத தலையிடிக்கும் நாரிநோவுக்கும் படமெடுத்து வருவோர் பலர். ஆயின், அப்படம் எங்ஙனம் படமாகின்றது என்று வினவுவோர் சிலரே. அதற்கு வேண்டிய கணிதத்தில் ஒரு பகுதியை உலகுக்கு அளித்தவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த ஒருவர் என்பதை அறிந்தோர் அவரினுஞ் சிலர். பண்டித வகுப்பிலே தருக்கம் கற்பிக்கும்போது யான் அவர் பெயரைச் சொல்வதுண்டு. கணித மேதை இராமானுஜனைத்தான் கூறுகின்றேன் என்று மாணாக்கர் மயங்குவர். அவர் வேறு, இவர் ஜி. என். இராமச்சந்திரன்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கோபாலசமுத்திரத்தின் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய இராமச்சந்திரன், 1922ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி எர்ணாகுளத்திலே தோன்றினார். தந்தையார் அங்குள்ள மகாராஜா கல்லூரியிற் கணிதப் பேராசிரியர். மைந்தரோ திருச்சிராப்பள்ளிப் புனித சூசையப்பர் கல்லூரியிற் பௌதிகம் பயின்று 1942இல் சிறப்புப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் கற்கப் புகுந்தார். அவருடைய மதிநுட்பத்தை உணர்ந்த சர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகத்துறைக்கு ஈர்த்துக்கொண்டார். 1947இல் கேம்பிரிட்ஜ் சென்று கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், 1949இல் தாயகம் மீண்டார்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராயிருந்த இலட்சுமணசுவாமி முதலியார், 1952இல் முப்பது வயதளவினரான இவரைப் பௌதிகத்துறைத் தலைவராக்கினார். அக்காலத்திலே சென்னைக்கு வந்த விஞ்ஞானி பேர்னால், கொலாசன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று உரையாடலிற் குறிப்பிட்டார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றை இறுகப் பிணிப்பது அப்புரதமே. இராமச்சந்திரன் அவ்வினாவைத் தமதாக்கிக்கொண்டார். அருகிலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற் கிடைத்த கங்காருவின் வால் தசைநாணிலே எக்ஸ் கதிர்களைச் செலுத்தி நோக்கினார். கோபிநாத் கர்த்தாவோடு கூடி, மூன்று இழைகள் முறுக்குண்டு ஒரு கயிறாகி நிற்பதே கொலாசன் என்று 1954இலும் 1955இலும் வெளியிட்டார்.

உடனே எதிர்ப்பும் எழுந்தது. கேம்பிரிட்ஜிலிருந்த கிரிக், றிச் என்னும் இருவரும் அவ்வமைப்பிற் சில அணுக்கள் அளவுக்கு மிஞ்சி நெருங்கியுள்ளன என்று குறை கூறித் தாம் திருத்திய அமைப்பொன்றை வெளியிட்டனர். டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டு புகழின் உச்சியில் நின்ற கிரிக்கோடு சென்னையின் இளம் பேராசிரியர் எதிர்நிற்றல் எளிதன்று. இராமச்சந்திரன் சினந்து பேசினாரல்லர், சோர்ந்து ஒதுங்கினாருமல்லர். இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற வினாவையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார். வெளிவந்த பளிங்கமைப்புக்களையெல்லாம் துருவி அளவெடுத்தார். புரதத்தின் தண்டு எந்தெந்தக் கோணங்களில் திரும்பக்கூடும், எவற்றில் திரும்பவொண்ணாது என்பதை ஒரு சதுரப் படத்தில் அடக்கினார். இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட அதுவே இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபு என வழங்குவது. புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டவர் எவராயினும் அதனை இவ்வரைபில் இட்டு உரைத்துப் பார்த்த பின்னரே உலகின் முன் வைக்கின்றார். பொன்னுக்குக் கட்டளைக்கல் போல்வது இது.

இனி, உடம்பினுள்ளே காணும் வித்தைக்கு வருவோம். ஒரு பனங்குலையின் நிழல் சுவரில் வீழ்கின்றது எனக் கொள்க. முன்னுள்ள காய் பின்னுள்ள காயை மறைப்பதால் அந்நிழலைக்கொண்டு காய்களை எண்ணவியலாது. பழைய எக்ஸ் கதிர்ப் படத்தின் குறையும் அஃதே. ஆயின், குலையைச் சுற்றிப் பல திசைகளிலிருந்து நிழல் வாங்கினால், அவற்றைத் தொகுத்து உருவத்தை மீட்கலாம். நிழல்களை வந்த வழியே திருப்பி ஒன்றன்மேலொன்றாகப் பரப்பினால் மட்டும் போதாது. உருவம் மங்கி மசமசத்து நிற்கும். ஃபூரியர் கணிதத்தால் அம்மங்கலை நீக்கலாமெனினும், அக்காலக் கணினிகளுக்கு அது பெருஞ்சுமை. இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் 1971இல் ஓர் எளிய வழியைக் காட்டினர். ஒவ்வொரு நிழலையும் முதலிலே சில எண்களாற் பெருக்கிக் கூட்டிக் கூர்மையாக்குக, பின்னரே பரப்புக. உருவம் தெளிவாகும், நேரமுங் குறையும். வானொலி அலைகளைக்கொண்டு வானத்தை ஆராய்ந்த பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967இல் இதனையொத்த முறையொன்றைக் கண்டிருந்தனர் என்பதையுஞ் சொல்லுதல் நேர்மை. எனினும், பின்னர் எழுந்த சி.ரி. கருவிகள் பலவற்றிலே நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது இவ்வழியே. அதிற் பயன்படும் எண்முறை இருவர் பெயரையுஞ் சுருக்கி ராம்-லக் என வழங்குகின்றது.

எம்.ஆர்.ஐ. கருவியோ எக்ஸ் கதிரை வேண்டுவதன்று. உடம்பின் நீரிலுள்ள ஐதரசன் அணுக்களின் கருக்கள் வன்காந்தத்தினுள்ளே ஒழுங்குபடுகின்றன. தமக்கியைந்த வானொலி அலை தீண்டியதும் அதனோடு பரிவுற்று, மறுமொழி போல ஒரு சிற்றலையை விடுக்கின்றன. இலங்கைப் பாடநூல்கள் இதனைப் பரிவு என்னும் சொல்லாற் குறிப்பது என் உள்ளத்துக்கு மிக உவப்பானது. ஒருவர் துன்பத்துக்கு மற்றொருவர் நெஞ்சு இரங்குவதும் பரிவே யன்றோ! 1973இல் லோட்டர்பர் இம்முறையாற் படம் அமைத்தபோது, அவரும் பல திசைகளிலிருந்து பெற்ற வீழல்களைத் தொகுத்தே உருவங்கண்டார். பின்னர் ஃபூரியர் முறை பெருவழக்காயினும், நிழல்களைக் கூட்டி உருவம் மீட்கும் வழியும் அத்துறையில் இன்றும் ஒரு கிளையாக நிற்கின்றது. மூளை, முள்ளந்தண்டு, மூட்டு ஆகியவற்றின் நோய்களைக் காட்டுவதோடு, சிந்திக்கும் மூளையிற் குருதியோட்டம் மாறுவதையும் எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியாளர்க்குக் காட்டுகின்றது. அணுக்கருவின் அப்பரிவினாலேயே புரதங்களின் அமைப்பையுங் காண்கின்றனர். அங்கும் சோதனைக் கல் இராமச்சந்திரன் வரைபே.

உட்படங் காணும் கலைக்காக 1979இல் ஹவுன்ஸ்பீல்ட், கோர்மக் ஆகியோருக்கும், 2003இல் லோட்டர்பர், மான்ஸ்பீல்ட் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இராமச்சந்திரனை அது நாடவில்லை. 1977இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. பெங்களூரிலே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை நிறுவி மாணாக்கர் பலரை ஆளாக்கினார். பிற்காலத்தில் சமணர் வகுத்த சியாத்வாதத் தருக்கத்தைக் கணித வடிவில் அமைக்க முயன்றார். நீலகேசி கற்றோர்க்கு அத்தருக்கம் புதிதன்று. அதனை அட்சரகணிதமாக்க எண்ணிய துணிவே புதிது. 1998இல் துணைவியார் மறைந்தபின் உடல் நலிந்து, 2001 ஏப்பிரல் 7ஆந் திகதி சென்னையிற் காலமானார்.

தமிழையும் கணிதத்தையும் இருவேறு கரைகளாக எண்ணும் நம் இளைஞர் இவ்வாழ்வை ஊன்றி நோக்குதல் வேண்டும். பெரிய வினா பெரிய நகரங்களுக்கே உரியதன்று. அருகிலுள்ள நிலையத்திற் கிடைத்த ஒரு வால் நாரிலிருந்தும் அது தொடங்கலாம். குறை கூறினாரை மறுப்பதிற் காலங்கழியாது, அக்குறையையே ஆராய்ச்சியாக்குதல் அதனினும் அரிய பாடம். பரிசு பெற்றார் பெயரை உலகு போற்றுகின்றது. கருவியினுள்ளே கிடந்து நோயாளிக்கு உதவுவதோ கணிதம். அதில் ஒரு பங்கு நம்மவர் ஒருவருடையது என்பதை நம் மாணாக்கர்க்குச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.