கீவ் நகரத்து அரசி ஓல்கா

ஜூலை 11-ஆம் நாள் புனித ஓல்காவின் திருநாள். கையில் லீலி மலரும் அருகில் ஆட்டுக்குட்டியுமாக நிற்கும் கன்னியரையே சுரூபங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, இந்த அரசியின் வாழ்க்கை பெரும் புதிராகத் தோன்றும்.

வைக்கிங் வீரர்கள் வடக்கிலிருந்து ஆற்று வழியே வந்து கீவ் நகரில் அரசாண்ட காலம் அது. இன்று அந்நகர் உக்ரைனின் தலைநகர். ஓல்கா என்பதே ஹெல்கா என்னும் வடநாட்டுப் பெயரின் திரிபுதான். அவருடைய கணவர் இகோர் மன்னர், ட்ரெவ்லியர் என்னும் மக்களிடம் திறை வாங்கினார். ஆசை அடங்காமல் மறுபடியும் வாங்கப் போனார். 945-இல் அவர்கள் அவரைக் கொன்றுவிட்டனர். மகன் ஸ்வியாத்தோஸ்லாவோ சிறு குழந்தை!

இரத்தம் காயுமுன்னே, தங்கள் தலைவன் மாலுக்கு ஓல்காவைப் பெண் கேட்டு 20 பேர் படகில் வந்தார்கள். ஓல்கா முகம் மலர வரவேற்றார். மறுநாள் அவர்களைப் படகோடு தூக்கி வரச் செய்து, முற்றத்தில் வெட்டிய குழியில் உயிரோடு புதைத்தார். அடுத்து வந்த பெரியோரைக் குளியல் வீட்டில் அடைத்து எரித்தார். பின்பு கணவரின் கல்லறையருகே விருந்து வைத்து, குடித்து மயங்கிய 5000 பேரை வெட்டச் செய்தார். 946-இல் படையோடு போய் இஸ்கொரோஸ்தென் நகரை முற்றுகையிட்டார். வீட்டுக்கு மூன்று புறா, மூன்று குருவி போதும் என்று கேட்டார். மகிழ்ந்து கொடுத்தார்கள். அவற்றின் காலில் கந்தகத் துணி கட்டிக் கொளுத்திவிட, அவை கூடு தேடிப் பறந்தன. நகரமே எரிந்தது.

மடத்துத் துறவியர் இதை எழுதியது நூறாண்டுகளுக்கும் பிறகுதான். கதை வளர்ந்திருக்கலாம். ஆயினும் புனிதராயிற்றே என்று அவர்கள் எதையும் மறைக்கவில்லை!

அதன்பின் அவர் செய்தது நமக்கு இதைவிடப் பெரிதாகப்படுகிறது. நாடெங்கும் சென்று, திறை இவ்வளவே என்று அளவு வைத்தார். அதைச் செலுத்த இடங்களும் அமைத்தார். கணவரின் உயிரைக் குடித்தது அளவில்லாத் திறையல்லவா?

பிறகு ஞானஸ்நானம் பெற்று ஹெலன் என்று பெயர் பூண்டார். கான்ஸ்டாண்டிநோபிளில் சக்கரவர்த்தி ஏழாம் கான்ஸ்டன்டைன் அவரை விருந்தோடு வரவேற்றார். 959-இல் ஜெர்மானிய மன்னர் ஓட்டோவிடம் ஆயர் ஒருவரை அனுப்பும்படி தூது விட்டார். வந்த அடல்பெர்ட் பயனின்றித் திரும்பினார். மகனோ, படைவீரர்கள் நகைப்பார்கள் என்று மறுத்தே விட்டான். தாய் இரவும் பகலும் அவனுக்காக மன்றாடினார்.

968-இல் பெச்செனேகியர் கீவ் நகரைச் சூழ்ந்தபோது, மகன் தொலைவில் போரில் இருந்தான். முதிய ஓல்கா பேரன்மாரோடு பசியிலும் தாகத்திலும் உள்ளே அடைபட்டிருந்தார். அப்பேரன்மாரில் ஒருவரான விளாடிமிர்தான் 988-இல் நாட்டையே திருமறையில் சேர்த்தவர்.

ஓல்கா அதைக் காணவில்லை. 969-இல் சாகுந் தறுவாயில், தம் கல்லறையில் விருந்து வைக்கவே கூடாதென்று கட்டளையிட்டார். குருவானவர் ஒருவர் செபம் சொல்லி அவரை அடக்கம் செய்தார்.