செல்லரித்த ஏடும் தாமோதரம்பிள்ளையவர்களும்

ஹந்தானை மலைச்சாரலில் வாழ்வோர்க்கு நூல் பேணுதல் எளிதன்று. மழை விடாது பெய்யும் மாதங்களில் ஈரலிப்புச் சுவரேறி அலுமாரியினுட் புகும். ஆசையோடு வாங்கிச் சேர்த்த நூல்களின் அட்டையிற் பூஞ்சணம் படரும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அச்சு நூலாயின் வேறொரு பிரதி எங்கேனுங் கிடைத்தல் கூடும். ஒரே பிரதியாய் எஞ்சிய ஏட்டுச்சுவடி அழியுமாயின் அதனோடு அந்நூலே மாண்டுபோம். அவ்வழிவை எதிர்த்து நின்ற பெரியார் ஒருவரின் வரலாற்றை நம் மாணவர் அறிதல் நன்று. அவரே இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள்.

பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832ஆம் ஆண்டு பிறந்தார்கள். சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழும், வட்டுக்கோட்டைச் செமினரியில் ஆங்கிலமும் பிற கலைகளுங் கற்றார்கள். கோப்பாயில் ஆசிரியராயிருந்தபின், பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பிற்கிணங்கிச் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய்த் தேறினார்கள். பின்னர்ச் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்கள். இத்தனை அலுவல்களுக்கிடையே ஏடு தேடுதலையும் அவர்கள் கைவிட்டாரல்லர்.

பனையோலை நீடுவாழும் பொருளன்று. வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நம் நாடுகளிற் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதனை அரிக்கும். ஈரம் பட்டால் இதழ்கள் ஒட்டும். உலர்ந்து முதிர்ந்தால் கட்டவிழ்க்கும்போதே ஓரம் ஒடியும். ஆதலின் முன்னோர் பழைய ஏடு சிதையுமுன்னே புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவ்வழக்கந் தளர்ந்தது, எழுதுவோர் அருகினர், படிப்போருங் குறைந்தனர். சுவடிகள் பரணிற் கிடந்து மக்கின. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் இன்று சிற்சில செய்யுள்களாய் மாத்திரமே எஞ்சியுள்ளன.

இந்நிலையிற் பிள்ளையவர்கள் ஏடுகளைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி அச்சேற்றினார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரை ஆறுமுகநாவலர் பரிசோதிக்க 1868இல் வெளிவந்தது. வீரசோழியம் 1881இலும், இறையனார் அகப்பொருள் 1883இலும், தொல்காப்பியப் பொருளதிகார நச்சினார்க்கினியம் 1885இலும், கலித்தொகை 1887இலும், சூளாமணி 1889இலும் வெளிப்பட்டன. வீரசோழியம் பௌத்தர் நூல்; சூளாமணி சமணர் காப்பியம். பதிப்பித்தவரோ சைவர். அழிவுக்குச் சமய வேறுபாடு இல்லாதவாறு போல, அவர்தங் காவலுக்கும் அவ்வேறுபாடு இருந்ததில்லை.

அப்பணியின் அருமையை இன்று அச்சு நூல் படிப்போர் எளிதில் உணரார். ஓலையிற் புள்ளியில்லை, குறில் எகரத்திற்கும் நெடில் ஏகாரத்திற்கும் வேற்றுமையில்லை, ரகரமுங் காலும் ஒன்றேபோல் தோன்றும். இடையே ஓலை முறிந்த இடங்களும் பூச்சி அரித்த துளைகளும் பல. கைப்பொருளும் மிகச் செலவாயிற்று. பதிப்பிற் பிழையுண்டெனக் குறைகூறினாரும் உளர். ஐயமெல்லாந் தீர்ந்தபின் அச்சிடுவோமென்று காத்திருப்பின், தீர்ப்பதற்கு ஏடே இராதென்பதைப் பிள்ளையவர்கள் நன்குணர்ந்திருந்தார்கள். பிழையைப் பின்வருவோர் திருத்தலாம். மண்ணான ஓலையை யாவர் மீட்பர்?

ஏழாலையிற் பாடசாலை நிறுவிக் கல்விக்கும் உதவிய அப்பெருந்தகை, 1901ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் இறைவனடி சேர்ந்தார்கள். அவர்கள் அச்சிற் காத்தவற்றை அடித்தளமாகக் கொண்டே உ. வே. சாமிநாதையர் முதலிய பின்னோர் பணிகளுடன் பழந்தமிழ்க் கல்வி வளர்ந்தது. ஹந்தானை அடிவாரத்துப் பேராதனையிலே தொல்காப்பியம் பயிலும் மாணவரும் அவர்க்குக் கடன்பட்டவரேயாவர்.

அன்பர்களே, நம் வீடுகளிலும் பழைய நூல்களும், மலர்களும், முன்னோர் கையெழுத்துப் பிரதிகளும் உள்ளன. அவற்றைச் சுவரோடு ஒட்டவையாது காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, அடிக்கடி எடுத்துப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை மற்றவற்றினின்றும் உடனே பிரித்தல் வேண்டும். ஓலைக்கு ஓலை பெயர்த்தெழுதிய காலம் போய், ஒளிப்படமாக்கிச் சேமிக்குங் காலம் வந்துள்ளது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களை அவ்வாறு காத்துவருகின்றது. அரிய பிரதியை வைத்திருப்போர் அது மக்குமுன்னே பிரதிசெய்ய இசைவாராக. பிள்ளையவர்கட்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.