தெட்சுயா ஃபுஜிட்டா

தெட்சுயா ஃபுஜிட்டா (அக்டோபர் 23, 1920 – நவம்பர் 19, 1998) ஜப்பானில் பிறந்த அமெரிக்க வானிலை அறிவியலாளர் ஆவார். சுழல்காற்றின் (டொர்னேடோ) வலிமையை அது விளைவித்த சேதத்தைக் கொண்டு வகைப்படுத்தும் ஃபுஜிட்டா அளவீட்டை 1971 இல் அறிமுகப்படுத்தினார்.

வாழ்க்கைச் சுருக்கம்

கியூஷூ தீவில் பிறந்த இவர் இயந்திரப் பொறியியல் பயின்றார். 1945 இல் அணுகுண்டு வீசப்பட்ட நாகசாக்கியில் ஆய்வு நடத்தியபோது, வெடிப்பு மையத்திலிருந்து நாற்புறமும் மரங்கள் சாய்ந்து கிடந்த ஒழுங்கைக் கண்டார். 1953 இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணியைத் தொடங்கினார்.

ஆய்வுகள்

1957 ஜூன் 20 அன்று வட டகோட்டாவின் ஃபார்கோ நகரைச் சூப்பர்செல் இடிமுகில் ஒன்றிலிருந்து எழுந்த சுழல்காற்று தாக்கியது. பொதுமக்கள் எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்களைத் திரட்டி, சமவெளியில் அம்முகில் நகர்ந்த விதத்தைக் கால வரிசையில் மீட்டமைத்தார். முகிலின் அடியில் தாழ்ந்து தொங்கும் பகுதிக்குச் சுவர்முகில் எனப் பெயரிட்டவரும் இவரே.

1974 ஏப்ரல் 3, 4 ஆகிய நாட்களில் அமெரிக்காவில் ஏராளமான சுழல்காற்றுகள் வீசின. சேதப் பகுதிகளை வானூர்தியிலிருந்து ஆராய்ந்தபோது, சில இடங்களில் மரங்கள் நாகசாக்கியில் கண்டதைப் போன்றே சாய்ந்திருந்தன. முகிலிலிருந்து செங்குத்தாக இறங்கித் தரையில் மோதிச் சிதறும் காற்றே காரணம் என இவர் கருதினார். 1975 இல் நியூயார்க்கில் நிகழ்ந்த விமான விபத்துக்கும் இக்காற்றையே காரணமாகக் காட்டினார். அறிவியலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. 1978 இல் டாப்ளர் ரேடார் அளவீடுகள் இவரது கருத்தை உறுதிப்படுத்தின. மைக்ரோபர்ஸ்ட் எனப்படும் இக்காற்றைக் கண்டறியும் கருவிகள் பின்னர் விமான நிலையங்களில் நிறுவப்பட்டன. விமானிகளுக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது.

சுழல்காற்றை அதன் தடங்களைக் கொண்டே ஆராய்ந்துவந்த ஃபுஜிட்டா, 1982 இல்தான் அதனை முதன்முதலாக நேரில் கண்டார். இவரது அளவீட்டின் மேம்படுத்தப்பட்ட வடிவம் 2007 முதல் அமெரிக்காவில் பயன்படுத்தப்படுகிறது.