இரு காட்சிகளை மோதவிட்ட கிரிபித்

சந்தைக் கோதுமையை எல்லாம் வாங்கி முடக்கிவிட்டான் ஒரு கோடீசுவரன். விலை ஏறியதும் நண்பர்களுக்குத் தடபுடலாக விருந்து வைக்கிறான். சட்டென்று திரையில் ஒரு ரொட்டிக் கடை! 5 சென்ட் ரொட்டி இப்போது 10 சென்ட். ஏழைகள் வெறுங்கையுடன் திரும்புகிறார்கள். மறுபடியும் விருந்து. மறுபடியும் ரொட்டிக்குக் காத்து நிற்பவர்கள்.

1909-ல் வெளிவந்த இந்த அமெரிக்கப் படத்தின் பெயர் ‘ஏ கார்னர் இன் வீட்’. கால் மணி நேரம் ஓடும் ஊமைப் படம். கோடீசுவரன் கொடியவன் என்று யாரும் சொல்லவில்லை. இரண்டு காட்சிகளையும் மாற்றி மாற்றி ஒட்டியதே அதைச் சொல்லிவிட்டது! ஒட்டியவர் டைரக்டர் டேவிட் வார்க் கிரிபித்.

அவர் 1875-ல் கென்டக்கியில் பிறந்தவர். தந்தை, உள்நாட்டு யுத்தத்தில் தென் மாநிலப் படையின் கர்னல். பையனுக்குப் பத்து வயதானபோது அவர் இறந்தார். குடும்பத்தை வறுமை பிடித்தது. கிரிபித் நாடக நடிகராக ஊர் ஊராய் அலைந்தார். 1907-ல் எடிசன் கம்பெனிக்குக் கதை விற்கப் போனார். கதை விலைபோகவில்லை, நடிக்க இடம் கிடைத்தது! அடுத்த வருஷமே பயோகிராப் கம்பெனியில் டைரக்டர். 1913-க்குள் நானூறுக்கு மேற்பட்ட குட்டிப் படங்களை எடுத்துத் தள்ளினார்.

1908-ல் எடுத்த ஒரு படத்தில், கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியைக் காட்டிவிட்டு, உடனே தீவில் ஒதுங்கிக் கிடக்கும் கணவனைக் காட்டினார். கம்பெனியார் திகைத்தார்கள். இப்படித் தாவினால் கதை யாருக்குப் புரியும் என்று கேட்டார்கள். நாவலாசிரியர் டிக்கன்ஸ் இப்படித்தானே எழுதுகிறார் என்று கிரிபித் பதிலளித்ததாக அவருடைய மனைவி லிண்டா பின்னாளில் எழுதினார். அவருக்கு முன்பே சிலர் இந்த முறையைத் தொட்டதுண்டு. அதைத் திரையின் பாஷையாக்கியவர் கிரிபித்தான்.

ஆனால் கத்தி பழமும் நறுக்கும், கழுத்தும் அறுக்கும். 1915-ல் வந்தது ‘தி பர்த் ஆப் எ நேஷன்’. முற்றுகையில் சிக்கிய வெள்ளையர் ஒரு பக்கம். காப்பாற்றக் குதிரையில் பறந்து வருவோர் மறு பக்கம். ஜனங்கள் ஆரவாரம் செய்தார்கள். பறந்து வந்தவர்கள் யார்? கறுப்பு மக்களைக் கொன்று குவித்த கு க்ளக்ஸ் க்ளான் கூட்டத்தார்! கறுப்பு மக்களின் உரிமைச் சங்கம் பல நகரங்களில் படத்தைத் தடுக்கப் போராடியது. ஒடுங்கிக் கிடந்த க்ளான் அதே வருஷம் மீண்டும் தலைதூக்கியது. அதற்கு இந்தப் படமும் எரு போட்டது. தந்தை சொன்ன யுத்தக் கதைகளிலேயே வளர்ந்தவர் கிரிபித். அதைக் காரணமாகச் சொல்லலாம், சமாதானமாகச் சொல்ல முடியாது.

1916-ல் ‘இன்டாலரன்ஸ்’ படத்தில் நான்கு யுகக் கதைகளைப் பின்னினார். நிரபராதிக் கணவன் தூக்குமேடையை நெருங்க, கவர்னரின் ரயிலைத் துரத்துகிறது மனைவி ஏறிய கார். இடையிடையே வீழ்கிறது பாபிலோன்! படம் பெரும் நஷ்டம். ஆனால் ரஷ்ய டைரக்டர்கள் அதைப் பாடமாகவே படித்தார்கள்.

1931-க்குப் பிறகு அவர் டைரக்ட் செய்த படம் எதுவும் வரவில்லை. ஹாலிவுட் ஹோட்டல் ஒன்றில் தனியே தங்கியிருந்தவர், 1948 ஜூலை 23-ந் தேதி மூளையில் ரத்தம் கசிந்து காலமானார்.