பாரதியும் சீனிவாசனும்

பிறையில் நான் படித்த தமிழ்ப்பள்ளிச் சுவரில் முண்டாசும் மீசையுமாகப் பாரதியார் இருந்தார். அச்சமே அறியாதவர் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள்.

1882-இல் எட்டயபுரத்தில் பிறந்தவர். ஷெல்லிதாசன், காளிதாசன் எனப் பல புனைபெயர்களில் எழுதியவர். 1906-இல் சென்னையில் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில் ஆங்கில ஆட்சியைக் கடுமையாகச் சாடினார். ஆனால், அரசுப் பதிவில் அதன் ஆசிரியர் சீனிவாசன். 1908-இல் கைதானவர் அவரே. ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் அவருக்கே. பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று பத்தாண்டுகள் எழுதினார். 1918-இல் திரும்பியபோது கடலூரில் கைதானார், 1921-இல் மறைந்தார்.

படிவம் நான்கில் தமிழ் வகுப்பை நிறுத்தியபோது, பெயரிடாத கடிதம் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வகுப்பு மீண்டும் நடந்தது. ஆனால், கட்டொழுங்கு ஆசிரியர் விசாரித்தது என் தோழியை. நான் வாய் திறக்கவில்லை.

அதிகாரத்தை எதிர்க்கும் எளியவருக்குப் பெயரை மறைப்பது ஒரு கேடயம். ஜனநாயகத்திலும் அது வேண்டும். பாரதியார் சிறைக்குப் போயிருந்தால் அந்தப் பத்தாண்டு எழுத்து நமக்குக் கிடைத்திருக்குமா? ஆனால், நம் சொல்லுக்கு இன்னொருவர் தண்டனை பெறும்போது மௌனம் நியாயமாகாது.

எங்கள் பள்ளிச் சுவரில் சீனிவாசனுக்குப் படம் இல்லை. தோழியிடம் உண்மையைச் சொல்ல எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.